சார்பற்ற மருத்துவ மதிப்பீட்டைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் டாக்டர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கலிபோர்னியாவில் மறுவாழ்வு மருத்துவம் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சிகிச்சை, இரண்டு நாள் மதிப்பீட்டு வேலை. இந்த இரண்டு நாள் வேலையைப் பற்றி நம் டாக்டர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் சட்டமும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது பெரும்பாலும் கலிபோர்னியாவின் தொழிலாளர் இழப்பீட்டு முறையைப் பற்றியது.

ஐ.எம்.இ. என்கிறார்களே, அது என்ன?

ஒருவருக்கு வேலையிலோ விபத்திலோ அடிபட்டிருக்கிறது. அவருக்கு என்ன ஆயிற்று, எதனால் ஆயிற்று, இன்னும் சிகிச்சை வேண்டுமா, நிரந்தரமாக எவ்வளவு குறை தங்கிவிட்டது என்பதில் அவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு. அப்போது, அவருக்குச் சிகிச்சை தராத ஒரு டாக்டர் அவரைப் பரிசோதித்து, பழைய ஆவணங்களைப் படித்து, எழுத்தில் பதில் சொல்கிறார். இதுதான் சார்பற்ற மருத்துவ மதிப்பீடு.

தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜன் காலத்தில் நாம் எல்லோரும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போட்டிருக்கிறோம். "எப்படி அடிபட்டது, யார் அழைத்து வந்தார்கள், காயம் எத்தனை சென்டிமீட்டர்" என்று எழுதிய அந்தப் பக்கம் பின்னால் கோர்ட்டுக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இங்கே உதவும். ஆனால் ஏ.ஆர். புத்தகத்தில் பார்த்ததை எழுதினால் போதும். இங்கே பார்த்ததிலிருந்து ஒரு முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதையும் எழுத வேண்டும். இந்தத் தொழில் நிற்பதே அந்த "எப்படி"யின் மேல்தான்.

கியூ.எம்.இ., ஏ.எம்.இ. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கலிபோர்னியாவின் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளில் இந்த மதிப்பீட்டைச் செய்பவர்கள் இந்த இரண்டு வகையினர். கியூ.எம்.இ. என்பவர் மாநிலத்தின் தொழிலாளர் இழப்பீட்டுப் பிரிவு தேர்வு வைத்து நியமிக்கும் மதிப்பீட்டாளர். தகராறு வந்தால் அந்தப் பிரிவு 3 டாக்டர்கள் பெயர் கொண்ட ஒரு பட்டியலைத் தரும். தொழிலாளிக்கு வக்கீல் இருந்தால் இரு தரப்பும் ஆளுக்கு ஒரு பெயரை அடித்துவிடலாம், மிஞ்சுபவர் பார்ப்பார். வக்கீல் இல்லாத தொழிலாளி அந்த மூவரில் ஒருவரைத் தானே தேர்ந்தெடுப்பார்.

ஏ.எம்.இ. என்பவர் இரண்டு வக்கீல்களும் பேசி, "இவர் சொன்னால் சரி" என்று ஒத்துக்கொண்ட டாக்டர். அதற்குத் தனித் தேர்வு இல்லை. எதிரெதிராக நிற்கும் இருவர் ஒரே டாக்டரை நம்புகிறார்கள் என்றால் அதைவிடப் பெரிய சான்றிதழ் இந்தத் துறையில் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

நான் தகுதி பெறுவேனா?

கலிபோர்னியா உரிமம் வேண்டும். உங்கள் துறையில் போர்டு சான்றோ (நிபுணர் சான்று) அங்கீகரிக்கப்பட்ட ரெசிடென்சிப் பயிற்சியோ வேண்டும். அறிக்கை எழுதும் பயிற்சி வகுப்பும், சட்டத்தை மையமாகக் கொண்ட ஒரு தேர்வும் உண்டு. வேலை நேரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நேரடிச் சிகிச்சையில் செலவாக வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. நியமனம் 2 ஆண்டுக்கு, அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

எலும்பியல், மறுவாழ்வு மருத்துவம், நரம்பியல், மனநலம், வலி மருத்துவம் ஆகியவற்றுக்குத் தேவை அதிகம். பொது மருத்துவர்களுக்கும் இடம் உண்டு. ரத்த அழுத்தம், நீரிழிவு, தூக்கக் குறைபாடு எல்லாம் வேலைக் காயத்தோடு சேர்த்து வழக்கில் வருகின்றன.

அந்த மூன்றில் ஒரு பங்கு சிகிச்சை நிபந்தனையைச் சுமையாக நினைக்காதீர்கள். தினமும் நோயாளி பார்க்கிற கைதான் மதிப்பீட்டிலும் சரியாகப் பார்க்கும். தோள் அறுவைச் சிகிச்சை முடிந்தவர் ஆறாம் மாதம் எப்படி இருப்பார் என்று தெரியாத டாக்டர், இன்னொருவரின் தோளைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வார்?

வருமானம் எப்படி?

கலிபோர்னியாவில் இதற்கு அரசுக் கட்டண அட்டவணை இருக்கிறது. 2021 ஏப்ரல் 1-ல் வந்த அட்டவணைப்படி முழு மதிப்பீட்டுக்கு 2,015 டாலர். மறு மதிப்பீட்டுக்கு 1,316.25. புது ஆவணம் வந்து பரிசோதனை இல்லாமல் எழுதும் துணை அறிக்கைக்கு 650. சாட்சியத்துக்கு மணிக்கு 455. முழு மதிப்பீட்டில் 200 பக்கம் வரை ஆவணம் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். அதற்கு மேல் பக்கத்துக்கு 3 டாலர். அதாவது 1,100 பக்கம் வந்தால் 2,015-உடன் 2,700 சேர்ந்து 4,715 டாலர். ஏ.எம்.இ. என்றால் அடிப்படைக் கட்டணம் 1.35 மடங்கு, மனநல மதிப்பீட்டுக்கு 2 மடங்கு. நீங்கள் தொடங்கும்போது நடப்பில் உள்ள அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையும் பில்லும் கிடைத்த 60 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டும். தராவிட்டால் 10 சதவீதம் கூடுதலும் வட்டியும் கேட்கலாம். கேட்காமல் விடுகிற டாக்டர்கள்தான் அதிகம். பில் கணக்குப் பார்க்க ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் கையில் காசு வராது என்று நினைத்தே ஆரம்பியுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் என்று யாராவது பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையே சாட்சியம் சொல்லும் டாக்டர் அப்படிப் பணம் வாங்கக் கூடாது என்கிறது.

கேஸ் எப்படி வரும்? விளம்பரம் செய்யலாமா?

கியூ.எம்.இ. பட்டியலில் பெயர் தானாக வரும். அதிகபட்சம் 10 இடங்களில் அலுவலகம் பதிவு செய்யலாம். நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஊர் ஊராகப் போய் ஒரு நாளில் எட்டுப் பேரைப் பார்த்துவிட்டு வந்தால் அறிக்கை எழுத நேரம் இருக்காது. பெரிய நகரங்களை விட்டுத் தள்ளி, மதிப்பீட்டாளர்கள் குறைவாக இருக்கிற இடத்தில் ஒரு அலுவலகம் வையுங்கள். அங்கே தேவை உண்மையானது. பண்ணைத் தொழிலாளி ஒருவர் பரிசோதனைக்காக நாலு மணி நேரம் காரில் வர வேண்டியதில்லை.

தொழிலாளர் இழப்பீட்டுக்கு வெளியேயும் வேலை உண்டு. மத்திய அரசு ஊழியர்களின் காய வழக்குகளில் இரண்டாம் கருத்துப் பரிசோதனை இருக்கிறது. சிவில் வழக்குகளில் மத்திய நீதிமன்ற விதி 35-ன் கீழ் நடக்கும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் உங்களுக்காகப் பேசப் போவது உங்கள் பழைய அறிக்கைகள்தான். வக்கீல்கள் அவற்றைத் தங்களுக்குள் பகிர்ந்து படிக்கிறார்கள்.

நல்ல அறிக்கை எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

கலிபோர்னியா இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம் 2005-ல் எஸ்கோபெடோ வழக்கில் சொன்னது இன்றைக்கும் அளவுகோல். டாக்டரின் கருத்து ஊகமாக இருக்கக் கூடாது. சரியான வரலாற்றையும் போதுமான பரிசோதனையையும் அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். எப்படி, ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இது இல்லாத அறிக்கையை நீதிபதி ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார். நாற்பது பக்கம் எழுதியிருந்தாலும் அது வெறும் காகிதம்.

ஒரு உதாரணம். "இவருடைய முதுகுக் குறைபாட்டில் 50 சதவீதம் வேலையால், 50 சதவீதம் வயதால்" என்று எழுதினால் அது செல்லாது. வயது ஒரு நோயறிதல் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காயத்துக்கு மூன்று ஆண்டு முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ.யிலேயே நாலாவது, ஐந்தாவது இடுப்பு முதுகெலும்புகளுக்கு இடையிலான வட்டு (டிஸ்க்) தேய்ந்திருந்தது. அப்போதே வலது காலில் மரமரப்பு இருந்ததாகக் குடும்ப டாக்டரின் குறிப்பு சொல்கிறது. ஆனாலும் அவர் வேலையைக் குறைக்காமல் செய்துகொண்டிருந்தார். பெட்டி தூக்கிய அன்றுதான் பாதம் பலவீனமானது. அதற்குப் பிறகான எம்.ஆர்.ஐ.யில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இன்றைக்கு அவரால் செய்ய முடியாதவை பெரும்பாலும் அந்தப் பலவீனத்தால் வருபவை. ஆகவே குறைபாட்டின் பெரும்பங்கு அன்றைய காயத்தைச் சேர்ந்தது." இதற்குப் பிறகு எண்ணைப் போடுங்கள். யாராவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியாது.

இந்த இடத்தில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 4663-ஆம் பிரிவு கேட்பது, காயம் எதனால் ஏற்பட்டது என்பதன் பங்கை அல்ல. இன்றைக்கு இருக்கிற நிரந்தர இயலாமை எதனால் ஏற்பட்டது என்பதன் பங்கை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. காயம் முழுக்க வேலையால் வந்திருக்கலாம். இயலாமையில் ஒரு பகுதி பழைய தேய்மானத்தால் இருக்கலாம்.

குறைபாட்டுச் சதவீதத்துக்குக் கலிபோர்னியா அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி நூலின் 5-ஆம் பதிப்பைப் பயன்படுத்துகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 6-ஆம் பதிப்பு, டெக்சாஸில் 4-ஆம் பதிப்பு. பதிப்பை மாற்றிப் போட்டால் அறிக்கை முழுவதும் பாழ். 5-ஆம் பதிப்பு இடுப்பு முதுகுக் குறைபாட்டை வகைகளாகப் பிரிக்கிறது: இரண்டாம் வகைக்கு 5 முதல் 8 சதவீதம், மூன்றாம் வகைக்கு 10 முதல் 13. ஒருவரை எந்த வகையில் வைக்கிறீர்கள், அந்த வரம்புக்குள் ஏன் அந்த எண் என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். வழக்கமான அட்டவணை அவருடைய நிலையைச் சரியாகக் காட்டவில்லை என்றால், அதே நூலுக்குள்ளேயே வேறு அத்தியாயத்தையோ அட்டவணையையோ பயன்படுத்தலாம் என்று 2009-ன் அல்மராஸ்–குஸ்மன் தீர்ப்பு வழி விட்டிருக்கிறது. அங்கேயும் "ஏன்" தேவை.

பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

விதிப்படி எலும்பு, தசை, நரம்புக் காயங்களுக்கு நேருக்கு நேர் குறைந்தது 20 நிமிடம், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் 30, மனநலத்துக்கு ஒரு மணி நேரம். நான் 20 நிமிடத்தில் முடித்ததே இல்லை. வந்தவர் பேச வேண்டும். அவருடைய வேலை என்ன, எதைத் தூக்கினார், எவ்வளவு உயரத்தில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைக் கேட்கவே அந்த நேரம் போய்விடும்.

அளவுகளை அளந்தே எழுதுங்கள், கண்ணால் மதிப்பிட்டு எழுதாதீர்கள். மூட்டுக்குக் கோணம் அளக்கும் கோனியோமீட்டர், முதுகுக்குச் சாய்வு அளக்கும் இன்கிளினோமீட்டர், பிடியின் வலுவுக்கு ஜாமர் கருவி, ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. அடிபடாத பக்கத்தையும் அளக்க வேண்டும். முதுகு வழக்கில் தொடையின் சுற்றளவில் 2 சென்டிமீட்டராவது வித்தியாசம் இருந்தால்தான் 5-ஆம் பதிப்பு அதைத் தசை மெலிவு என்று ஏற்கிறது; டேப் இல்லாமல் அதை எப்படிச் சொல்வீர்கள்?

அறைக்குள் நுழைந்ததும் நான் சொல்வது இது: "நான் உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் இல்லை. நீங்கள் சொல்வது அறிக்கையில் வரும், இரண்டு தரப்பும் படிப்பார்கள். வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்." பலர் பயத்தோடு வருகிறார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை, வாடகை பாக்கி, வீட்டில் சண்டை. அவரிடம் மரியாதையாகப் பேசுவதால் உங்கள் சார்பின்மை குறைந்துவிடாது. வாயில் வரை போய் வழியனுப்பினாலும் குறையாது.

ஆயிரக்கணக்கில் ஆவணம் வருகிறதே, எல்லாவற்றையும் நானே படிக்க வேண்டுமா?

ஆமாம். சட்டத்தின் 4628-ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. உதவியாளர் ஆவணங்களிலிருந்து குறிப்பு எடுக்கலாம், வரலாற்றின் முதல் வரைவைத் தயாரிக்கலாம். ஆனால் டாக்டர் அதைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் மேலும் விசாரித்து, பரிசோதனையைத் தானே செய்து, முடிவுகளைத் தானே எழுத வேண்டும். யார் உதவினார்கள் என்பதையும் அறிக்கையில் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்துப் போடுகிறோம்.

சுருக்கம் எழுதித் தரும் நிறுவனங்களும் மென்பொருள்களும் இப்போது நிறைய வந்துவிட்டன. நானும் சுருக்கம் வாங்குகிறேன். ஆனால் மூலத்தைப் படிக்காமல் விட்டதில்லை. ஒருமுறை சுருக்கத்தில் "முன்பு முதுகு வலி இருந்தது" என்று இருந்தது. மூலத்தைப் புரட்டினால் அது அந்தத் தொழிலாளியின் தந்தையைப் பற்றிய குடும்ப வரலாற்று வரி. அந்த ஒரு வரியை நம்பி எழுதியிருந்தால் ஒரு மனிதரின் இழப்பீட்டில் ஒரு பகுதியை நானே வெட்டியிருப்பேன்.

கெடு எவ்வளவு கறாரானது?

பரிசோதனை நாளிலிருந்து 30 நாள். துணை அறிக்கைக்கு 60 நாள். தாண்டினால் எந்தத் தரப்பும் வேறு பட்டியல் கேட்கலாம். உங்கள் உழைப்பு வீண். முதல் ஆண்டில் என் அறிக்கை ஒன்று 34-ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. அந்தத் தொழிலாளி மறுபடி முதலிலிருந்து இன்னொரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதிலிருந்து 15-ஆம் நாளே எனக்குக் கெடு என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆள் நடிக்கிறார் என்று தோன்றினால்?

தோன்றுவதை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். "உட்கார்ந்த நிலையில் காலை நேராக்கும்போது வலி சொல்லவில்லை, படுத்த நிலையில் 30 டிகிரியில் வலி என்றார்" என்பது கண்டது. "ஏமாற்றுகிறார்" என்பது உங்கள் தீர்ப்பு. முதுகு வலிக்காரர்களிடம் உடற்காரணத்தோடு பொருந்தாதவை என்று 1980-ல் வாடெல் என்ற டாக்டர் விவரித்த அறிகுறிகளை இன்றும் நடிப்புக்கான ஆதாரமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை அதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. பயம், மன அழுத்தம் உள்ளவர்களிடமும் அவை வரும். வலி உண்மையாகவும் அளவு முரணாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அளவுகள் நம்பத்தக்கவையாக இல்லையென்றால் அதைச் சொல்லி, அந்த அளவை வைத்துச் சதவீதம் போடாமல் விடுங்கள்.

"இன்சூரன்ஸ்காரர்களின் ஆள்" என்று பெயர் வந்துவிடுமே?

வரலாம். சிவில் வழக்குகளில் வாதியின் வக்கீல்கள் பலர் இதைச் சார்பற்ற பரிசோதனை என்றே சொல்வதில்லை, எதிர்த்தரப்பின் பரிசோதனை என்கிறார்கள். பணம் தருவது எதிர்த்தரப்பு என்பதால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது.

என் அனுபவத்தில், சார்பு ஒரே நாளில் வருவதில்லை. ஒரு தரப்பிலிருந்தே கேஸ் வந்துகொண்டிருக்கும். அவர்கள் அனுப்பும் கடிதங்களின் மொழி உங்கள் மொழியாகும். "சந்தேகத்துக்கு இடமான" என்ற சொல் உங்களை அறியாமல் அறிக்கையில் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் அறிக்கைகளை எடுத்து வைத்து எண்ணிப் பார்க்கிறேன்: எத்தனை பேருக்கு எதிர்காலச் சிகிச்சை தேவை என்றேன், எத்தனை பேருக்கு மறுத்தேன், ஒரே மாதிரியான தோளுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக எழுதியிருக்கிறேனா? இந்தக் கணக்கை எதிர்த்தரப்பு வக்கீல் எப்படியும் ஒருநாள் போடுவார். மத்திய நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நிபுணர் கடந்த 4 ஆண்டில் எங்கெல்லாம் சாட்சி சொன்னார் என்ற பட்டியலையே கொடுத்தாக வேண்டும்.

அப்புறம் தொலைபேசி. கியூ.எம்.இ. வழக்கில் ஒரு தரப்பு மற்றத் தரப்புக்குத் தெரியாமல் டாக்டரிடம் பேசக் கூடாது. "ஒரு சின்ன விளக்கம்தான் டாக்டர்" என்று அழைப்பு வரும். என் அலுவலகத்தில் அதற்கு ஒரே பதில்தான்: எழுத்தில் அனுப்புங்கள், மறு தரப்புக்கும் நகல் போகட்டும்.

டெபோசிஷன் (உறுதிமொழியின் கீழ் வக்கீல்கள் கோர்ட்டுக்கு வெளியே எடுக்கும் சாட்சியம்) என்றாலே நடுக்கமாக இருக்கிறது.

முந்தின நாள் உங்கள் அறிக்கையையே எதிரி படிப்பது போலப் படியுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் பார்க்காத ஒரு ஆவணத்தைக் காட்டி, "இது தெரிந்திருந்தால் உங்கள் கருத்து மாறுமா?" என்று கேட்பார்கள். மாறும் என்றால் மாறும் என்று சொல்லிவிடுங்கள். ஆதாரம் வந்தபோது கருத்தை மாற்றிய டாக்டரை வக்கீல்கள் மறப்பதில்லை. அடுத்த வழக்கில் ஏ.எம்.இ.யாக அழைக்கிறார்கள்.

என்னிடம் வருபவர் தமிழ் பேசுபவராக இருந்தால்?

முதலில், அவரைத் தெரியுமா என்று பாருங்கள். நம் சமூகம் சிறியது. கோயிலில், பள்ளி விழாவில், பிள்ளைகளின் தமிழ் வகுப்பில் பார்த்துப் பழகியவர் என்றால் அந்தக் கேஸை எடுக்காதீர்கள்.

தெரியாதவர் என்றால், தமிழில் பேசுவது பெரிய உதவி. "குடையுது", "சுரீர்னு இழுக்குது", "மதமதன்னு இருக்கு", "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" எல்லாம் ஒன்றல்ல. கடைசி ஒன்றை வெறும் வலி என்று மொழிபெயர்த்தால் விஷயம் போய்விடும். எந்த மொழியில் பேசினீர்கள் என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். அவருடைய சொல்லை அப்படியே போட்டு, பக்கத்தில் பொருள் தருவது என் வழக்கம்.

என் மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) காப்பீடே போதுமா?

பெரும்பாலும் போதாது. பல பாலிசிகள் சிகிச்சையை மட்டுமே காக்கும். மதிப்பீட்டு வேலையைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி, அதை எழுத்தில் வாங்குங்கள். முதல் கேஸுக்கு முன்பே.

பரிசோதனையில் வேறு ஏதாவது நோய் கண்ணில் பட்டால்? அவர் என் நோயாளி இல்லையே?

இல்லைதான். ஆனாலும் சொல்ல வேண்டும். முக்கியமான எதையாவது கண்டால், அது அவருக்குத் தெரியாது என்று நினைக்கக் காரணம் இருந்தால், அதை அவரிடம் சொல்லி உரிய சிகிச்சைக்குப் போகச் சொல்வது நம் கடமை. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் நெறிமுறையிலும் இது இருக்கிறது. அறிக்கையில் எழுதிவிட்டேன் என்று இருந்துவிடாதீர்கள். அந்த அறிக்கை வக்கீல்களின் மேசையில் வாரக்கணக்கில் கிடக்கும்.

மணிக்கட்டு முறிவுக்காக வந்த ஒரு லாரி ஓட்டுநர். பிடிமானம் அளக்கும் முன் வழக்கம்போல் நாடி பிடித்தேன். தாறுமாறாக ஓடியது. அளவுகளை முடித்துவிட்டு அவரை உட்கார வைத்துச் சொன்னேன். இன்றைக்கே உங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும், இது மணிக்கட்டு வழக்கோடு சம்பந்தப்பட்டதில்லை என்று. அவருடைய டாக்டரின் அலுவலகத்துக்கு அவர் முன்னாலேயே போன் போட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீங்க என் டாக்டர் இல்லைன்னு சொன்னீங்களே?"